கோடு தாண்டிய கதை

சென்ற ஞாயிறு இப்பகுதியிலே, ஒரே சைக்கிளில் மூவராய் ஏறி வீதியை அடைத்துச் செல்லும் மாணவரைச் சற்றுக் கடிந்து எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர் ஒருவர், "மாணவர் பிழையை எழுதிவிட்டீர்கள்; ஆசிரியர் பிழையை எப்பொழுது எழுதுவதாக உத்தேசம்?" என்று கேட்டுத் தபாலட்டை ஒன்று விடுத்திருக்கிறார். பெயர் போடவில்லை. எழுத்தின் சாய்வைப் பார்த்தால், முன்னொரு காலத்தில் எனது வகுப்பிலே பின் வாங்கில் இருந்த ஒருவருடையது போலத் தோன்றுகிறது. யாராயிருப்பினும் கேள்வி நியாயமானது. ஆகவே, வீட்டாரன்றி வேறெவரும் முழுமையாய் அறியாத ஒரு சங்கதியை இன்று சொல்லிவிடுகிறேன்.

2023ஆம் ஆண்டிலே, மனைவியின் உறவில் ஒரு கலியாணம் கொழும்பில் நடைபெற்றது. நானும் மனைவியும், அப்பொழுது உயர்தர வகுப்பிலே படித்துக்கொண்டிருந்த மகளுமாக எங்கள் பழைய காரிலே புறப்பட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். புத்தளம் வழியாக, இரண்டிடத்தில் தேநீருக்கு நின்று, மாலை மங்கும் வேளையில் வெள்ளவத்தையிலுள்ள மைத்துனர் வீட்டை அடைந்தோம். வழியில் ஒரு சிறு இடையூறும் இல்லை. அது எனக்கு ஒரு மமதையைக் கொடுத்துவிட்டது என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாட் காலை மைத்துனர், "அத்தான், கொழும்பு ஓட்டம் வேறு; ஓர் ஆட்டோ பிடித்துத் தருகிறேன்" என்று சொன்னார். "இருபது வருடமாய்க் கார் ஓட்டுகிறேன்" என்று நான் சொன்னேன்.

கொழும்பு ஓட்டம் வேறுதான். எங்களூரிலே வீதியென்றால் போவதற்கு ஒரு பக்கம், வருவதற்கு ஒரு பக்கம். முன்னே ஆடு வந்தால் நிற்கிறோம். மாமா வந்தாலும் நிற்கிறோம். ஆங்கிலத்தில் 'லேன்' என்று சொல்வதற்கு எங்கள் அகராதியில் ஒழுங்கை என்றுதான் பொருள். இருபுறமும் வேலி, நடுவே மணல், ஒரு கார் நுழைந்தால் மறு கார் பின்னுக்குப் போக வேண்டிய ஒழுங்கை. மகள் சிறுமியாயிருந்தபோது வானொலியிலே 'லேன் சட்டம்' என்று கேட்டுவிட்டு, "எங்கள் ஒழுங்கைக்கும் சட்டம் வந்துவிட்டதா அப்பா?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

கொழும்பிலே ஒரே திசையில் இரண்டு, மூன்று நிரல்களாய் வாகனங்கள் ஓடும். நிரல்களைப் பிரிப்பது வெள்ளைக் கோடு. கோடு விட்டுவிட்டு இட்டதாயின், பின்னும் பக்கமும் பார்த்து, சிக்னல் போட்டு, இடமிருந்தால் மாறிக்கொள்ளலாம். தொடர்ச்சியாய் இட்ட கோடாயின் அதைத் தாண்டலாகாது. சந்தியை நெருங்க நெருங்கக் கோடு தொடர்ச்சியாகிவிடும்; அவ்விடத்திலே மனம் மாறுவதற்கு எவர்க்கும் உரிமையில்லை என்பது அதன் கருத்து. நிலத்திலே அம்புக்குறிகளும் இருக்கும். வலது பக்கம் வளைந்த அம்பின் மேல் நிற்பவன் வலது பக்கமே போகவேண்டும். தான் போகவேண்டிய இடம் வேறென்றால், திரும்பிப் போய்ச் சுற்றி வரவேண்டுமேயன்றி, அடுத்தவன் நிரலிலே பாய்தல் கூடாது. 2020 செப்டெம்பரிலே கொழும்பின் பெருந்தெருக்களில் இந்த நிரல் ஒழுங்கைப் பொலிஸார் கண்டிப்பாய் நடைமுறைப்படுத்தத் தொடங்கியபோது, பஸ்களையும் மோட்டார் சைக்கிள்களையும் முச்சக்கர வண்டிகளையும் இடது புறமாகவே செல்லச் சொன்னார்கள். இவையெல்லாம் பத்திரிகையில் நான் படித்தவை. படித்தது வேறு, கால் பிறேக்கில் இருக்கும்போது நினைவுக்கு வருவது வேறு.

கலியாண மண்டபத்துக்குக் காலி வீதி வழியே போய்க்கொண்டிருந்தோம். மகள் முன் ஆசனத்தில் எனக்கு இடப்புறம் இருந்து கைத்தொலைபேசியில் வழி பார்த்துக்கொண்டு வந்தாள். மனைவி பின் ஆசனத்திலே, காலை நான்கு மணிக்கு எழுந்த களைப்பிலே, கண்ணயர்ந்துவிட்டார். வலது ஓர நிரலிலே வாகனம் குறைவாயிருந்தது. புத்திசாலித்தனமென்று எண்ணி அதிலே போனேன். குறைவாயிருந்ததற்குக் காரணம் சந்திக்கு அண்மையில் வந்தபோதுதான் விளங்கிற்று. அந்நிரல் வலது பக்கம் திரும்புவோர்க்கு மட்டும் உரியது. எனக்கு முன்னே நின்ற வான் விலகியதும், வளைந்த அம்பு என் காருக்கு நேரே நிலத்தில் கிடந்தது.

"நேரே போகவேண்டும் அப்பா" என்று மகள் சொன்னாள்.

பச்சை விளக்கு எரிகிறது. பின்னே ஒருவர் ஹோர்ன் அடிக்கிறார். கண்ணாடியைப் பார்த்தேன்; ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன்.

மகள் கத்தினாள். அதே கணத்தில் றப்பர் தேயும் சத்தமும் கேட்டது. ஒரு மோட்டார் சைக்கிள் இடது ஓரத்துக் கட்டிலே சாய்ந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஒரு காலை நிலத்திலே ஊன்றித் தாங்கிக்கொண்டிருந்தார். பின்னே, தலையினும் பெரிய தலைக்கவசம் அணிந்த ஒரு சிறுமி. ஆறு, ஏழு வயதிருக்கும். அவள் தானாகவே இறங்கி நடைபாதையில் ஏறி நின்றாள். எவர்க்கும் அடியில்லை. கைபிடியிலே தொங்கிய பை மட்டும் அறுந்து, இரண்டு இறாத்தல் பாண் வீதியிலே உருண்டது. அவற்றுள் ஒன்றை, பின்னால் வந்த பஸ் மிதித்துக்கொண்டு போயிற்று.

சந்திக்கு அப்பால் நின்ற பொலிஸ் உத்தியோகத்தர் கையைக் காட்டினார். ஓரத்திலே நிறுத்தினேன். என் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த மோட்டார் சைக்கிள்காரர் சிறுமியை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிச் சென்றார். உத்தியோகத்தர் அவரை நிறுத்தி ஏதோ கேட்டார். அவர் தலையை அசைத்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், போய்விட்டார். ஒரு வசை சொல்லியிருந்தாலும் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் கடையிலே சாமான் வாங்குமளவுக்குத்தான் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்து யாழ்ப்பாணத்திலே அதைப் படிப்பதற்கு வாய்ப்பில்லை. மகளோ ஆறாம் வகுப்பிலிருந்து சிங்களத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவள். படித்ததைப் பேசவும் கற்றவள். எனவே அவளே எங்களுக்கிடையில் மொழிபெயர்ப்பாளராயினாள். சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேட்டார், கொடுத்தேன். காப்புறுதிப் பத்திரம் கேட்டார், கொடுத்தேன். பின்பு ஏதோ நீளமாய்க் கேட்டார்.

"சிக்னல் போடாமல், கோட்டையும் தாண்டித் திடீரென்று ஏன் நிரல் மாறினீர்கள் என்று கேட்கிறார் அப்பா."

வாசக அன்பர்களே, இருபது வருடமாய் மாணவர் சொல்லும் சாட்டுக்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன் நான். "சேர், கொப்பியை வீட்டில் விட்டுவிட்டேன்" என்பவனின் கண்ணைப் பார்த்தே உண்மை சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் அந்த வேளையில் சொன்னது இது:

"சிக்னல் போட்டுத்தான் திரும்பினேன் என்று சொல்லு, பிள்ளை."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிக்னல் போட்டால் காருக்குள்ளே டிக், டிக் என்று சத்தம் கேட்கும். எங்கள் காரிலே அது சற்றுப் பலமாகவே கேட்கும். அது கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஒரு மூச்சு விடும் நேரம் பேசாதிருந்தாள். பிறகு உத்தியோகத்தரைப் பார்த்து ஒரு சிறிய வசனம் சொன்னாள். அதிலே 'தாத்தா' என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கிற்று. சிங்களத்திலே தகப்பனைத் தாத்தா என்பார்கள். தமிழிலே அப்பதவி எனக்கு இன்னும் கிட்டவில்லை.

உத்தியோகத்தர் அவளை உற்றுப் பார்த்தார். உதட்டோரத்திலே மெல்லிய ஒரு சிரிப்பு. "ஹரி, நங்கி" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேளாமல் எழுதத் தொடங்கினார். குரல் உயர்த்தவில்லை, கையை நீட்டவுமில்லை. எழுதி முடித்துப் பத்திரத்தை என்னிடம் தந்து, ஒரு சலாமும் செய்து, தம் இடத்துக்குப் போனார். சத்தம் நின்ற அமைதியிலே மனைவி பின்னாலிருந்து, "இஞ்சேருங்கோ, அந்தப் பாணுக்காவது காசு கொடுத்திருக்கலாம்" என்றார். அவர் எப்பொழுது விழித்தார், எவ்வளவு பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

கலியாண வீட்டிலே என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில்லை.

இந்தப் பத்திரத்தின் விதத்தைச் சற்று விளக்குவது, அது கையில் வந்திராத அன்பர்களுக்குப் பயன்படும். பொலிஸார் அனுமதிப்பத்திரத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு இதைத் தருகிறார்கள். 14 நாட்களுக்கு இதுவே தற்காலிக அனுமதிப்பத்திரம். ஆகவே கார் ஓட்டத் தடையில்லை. அந்த 14 நாட்களுக்குள் குறிப்பிட்ட தண்டப்பணத்தைத் தபாற்கந்தோரிலே கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பித் தருவார்கள். 14 நாள் தவறினால் அடுத்த 14 நாளுக்குள் இரட்டிப்பாய்க் கட்டவேண்டும். அதுவும் தவறினால் நீதவான் நீதிமன்றம். குற்றமே செய்யவில்லை என்று வாதாட விரும்புகிறவன் பணத்தைக் கட்டாமல் வழக்குக்குப் போகலாம். பணத்தைக் கட்டுவது குற்றத்தை ஒத்துக்கொண்டதற்குச் சமம். உள்ளூர்வாசிக்கு இது சிறு அலைச்சல். தூர இடத்தவனுக்கோ, எந்தப் பொலிஸ் நிலையத்திலே அனுமதிப்பத்திரம் இருக்கிறதோ அங்கே மறுபடியும் வரவேண்டிய சிரமம். 2025 ஏப்ரலிலே குருநாகலுக்கும் அனுராதபுரத்துக்கும் இடைப்பட்ட வீதியிலே, கைத்தொலைபேசி மூலம் அவ்விடத்திலேயே தண்டத்தைக் கட்டி அனுமதிப்பத்திரத்தை அப்பொழுதே பெற்றுக்கொள்ளும் முறையைப் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அந்த முறை 2023இலே இருந்திருந்தால், நான் ஐந்து நிமிடத்திலே பணத்தைக் கட்டிவிட்டு, நடந்ததையும் ஐந்து நிமிடத்திலே மறந்திருப்பேன் என்ற ஐயமும் எனக்கு உண்டு.

இரவு மைத்துனர் வீட்டிலே மகாநாடு கூடிற்று. சிங்களத்திலே எழுதிய பத்திரத்தை மைத்துனர் வாசித்துச் சொன்னார். தொகை பெரிதன்று.

"அவ்விடத்திலேயே ஏதாவது கொடுத்து முடித்திருக்கலாமே, அத்தான்!"

இந்த யோசனை எனக்கு அவ்விடத்தில் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்பொழுது வீரம் பேசுவதும் முறையன்று. 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் தொட்டு 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வரை, வாங்குபவனைப் போலவே கொடுப்பவனும் குற்றவாளி. அதை மைத்துனருக்குச் சொன்னேன். "சட்டம் புத்தகத்தில், அத்தான்" என்றார் அவர். அன்று நின்ற உத்தியோகத்தரின் முகத்தை நினைத்துப் பார்க்கையில், கொடுத்திருந்தால் இன்னொரு பத்திரமும் எழுதியிருப்பாரென்றே நம்புகிறேன்.

மைத்துனர் விடவில்லை. மேல் மாடியிலே குடியிருக்கும் சட்டத்தரணி ஒருவரை அழைத்துவந்தார். நல்ல மனிதர், சாறத்தோடே வந்து, தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டு, முழுவதையும் பொறுமையாய்க் கேட்டார். நான் சொன்னது முழுவதும் உண்மையன்று. 'சிக்னல் போட்டேன்' என்ற அந்த வசனம் மறுபடியும் என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரு தரம் சொன்ன பொய், இரண்டாந்தரம் சொல்லும்போது நமக்கே சற்றுப் பழகிய உறவினர் போலாகிவிடுகிறது.

"மாஸ்டர், நீங்கள் சிக்னல் போட்டது உண்மையானால் பணத்தைக் கட்டாதீர்கள். வழக்குக்குப் போகலாம். கோடு தாண்டியதற்கு விளக்கம் வேறு சொல்ல வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம். பொலிஸ்காரர் தம் சாட்சியம் சொல்வார். உங்கள் பக்கம் சாட்சி வேண்டும். காரிலே யார் இருந்தார்கள்?"

"மனைவியும் மகளும்."

"அம்மா?"

"நித்திரை" என்றார் மனைவி, சுருக்கமாக.

"அப்படியானால் பிள்ளைதான் முக்கிய சாட்சி. முன் ஆசனத்தில் இருந்தவர் அல்லவா? கூட்டில் ஏறி, அப்பா சிக்னல் போட்டார், நான் கேட்டேன் என்று ஒரு வசனம் சொன்னாற் போதும்."

மகள் எழுந்து தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனாள். தண்ணீர்ச் செம்பு மேசையிலே, அவளுக்கு முன்னேயே இருந்தது.

சட்டத்தரணி போனபின், பேச்சை மாற்ற எண்ணினார் போலும், மைத்துனர் மகளைக் கூப்பிட்டு, "நீ பொலிஸ்காரருக்கு என்னதான் சொன்னாய்? அதைச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்டார். அவள் முதலில் மறுத்தாள். பிறகு, தாழ்ந்த குரலில், அந்தச் சிங்கள வசனத்தைச் சொன்னாள். மைத்துனர் ஒரு கணம் யோசித்தார். பிறகு கண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார்.

"அத்தான், இவள் கெட்டிக்காரி! கடைசிச் சொல்லிலே ஒரு 'லு' போட்டிருக்கிறாள்."

"அதற்கென்ன?"

"சிங்களத்திலே 'லு' என்றால், தான் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்று பொருள். எங்கள் 'ஆம்' போல. அப்பா சிக்னல் போட்டாராம்! அதுதான் இவள் சொன்னது."

போட்டார், போட்டாராம். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்குகிறவன் நான். 'மழை பெய்தது' என்பவன் நனைந்தவன். 'மழை பெய்ததாம்' என்பவன் பிறர் சொல்லக் கேட்டவன். சொன்னதன் பொறுப்பைச் சொன்னவன் தலையிலேயே வைத்துவிட்டுத் தான் விலகி நிற்க உதவும் அந்தச் சிறு இடைச்சொல்லின் அருமையை நான் எத்தனையோ உதாரணங்களோடு படிப்பித்திருக்கிறேன். இந்த உதாரணம் எனக்குத் தோன்றியதில்லை. தகப்பன் சொன்ன வசனத்தை ஓர் எழுத்தும் குறையாமல் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லவுமில்லை, தகப்பனைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. காட்டிக்கொடுக்கவில்லை என்று அவள் நினைத்தாள். அந்த உத்தியோகத்தரின் சிரிப்பு வேறு சொல்லிற்று.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை.

மறுநாள் போயா. தபாற்கந்தோர் மூடியிருந்தது. மைத்துனர் வீட்டு மாடிக் குடியிருப்பின் கீழே கார் நிறுத்தும் முற்றத்திலே, காரைத் துடைக்கும் பாவனையில் நின்றேன். மகள் இறங்கி வந்தாள். எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், "கண்ணாடியைப் பார்த்துத்தான் திருப்பினேன், பிள்ளை, அது உண்மை. அந்த மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் இருக்கவேயில்லை" என்றேன்.

"ஏறி இருங்கள் அப்பா, பார்ப்போம்" என்றாள்.

சாரதி ஆசனத்தில் ஏறி இருந்தேன். அவள் காருக்குப் பின்னே ஏழெட்டு யார் தூரத்துக்குப் போய், இடது பக்கமாக, காரை நோக்கி அடி அடியாய் நடந்து வந்தாள்.

"தெரிகிறேனா?"

"தெரிகிறாய்."

"இப்பொழுது?"

"தெரிகிறாய்."

"இப்பொழுது?"

கண்ணாடியிலே மதிலும் ஒரு குரோட்டன் செடியும் இருந்தன, மகள் இல்லை. நடுக்கண்ணாடியைப் பார்த்தேன்; அங்கும் இல்லை. "எங்கே நிற்கிறாய்?" என்று கேட்டேன். பதில் மிக அருகில் கேட்டது. கழுத்தைத் திருப்பி இடப்புறம் பார்த்தேன். பின் கதவுக்கு நேரே, கையை நீட்டினாற் காரைத் தொடுமளவில் நின்றாள். அங்கிருந்து இன்னும் இரண்டு, மூன்று அடி நடந்தபின்புதான் இடது ஜன்னலின் ஓரத்திலே அவள் முகம் தெரிந்தது. ஒரு மோட்டார் சைக்கிளும் அதில் இரண்டு பேரும் நிற்பதற்கு அவ்விடம் தாராளமாய்ப் போதும்.

இதிலே மாயமில்லை. கண்ணாடி காட்டுவது ஒரு கீற்றைத்தான். அந்தக் கீற்றுக்கும் நம் கடைக்கண்ணுக்கும் இடையிலே, பின் கதவை அடுத்து, ஒரு துண்டு நிலம் இரண்டிலும் அகப்படாமற் கிடக்கிறது. நம் நாட்டிலே சாரதி வலப்புறம் இருப்பதால் இடப்புறக் கண்ணாடி அவனுக்குத் தூரம். ஆகையால் அப்பக்கத்திலே மறைவு இன்னும் மோசம். பரந்த இடத்தைக் காட்டவேண்டுமென்று கண்ணாடியைச் சற்றுக் குவிந்ததாய்ச் செய்கிறார்கள். அதனால் உருவம் சிறிதாகி, அருகில் வருவதும் தூரத்தில் வருவது போலத் தோன்றுகிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவன் ஒரு விநாடியிலே ஏறக்குறைய 14 மீற்றர் கடந்துவிடுகிறான். கண்ணாடியைப் பார்த்து, கண்ணை எடுத்து, ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் மறைவிடத்துக்குள் வந்துவிடுவான். ஆகவே நிரல் மாறுகிறவன் கண்ணாடியைப் பார்த்தபின் தோளுக்கு மேலாகவும் ஒரு தரம் திரும்பிப் பார்க்கவேண்டும். சிக்னலும் அதற்குத்தான். நமக்குத் தெரியாமல் அங்கே நிற்பவனுக்கு, 'நான் வரப் போகிறேன்' என்று சொல்வதற்கு வேறு வழியில்லை. ஓட்டப் பழக்குகிறவர்கள் இதை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கும் சொல்லியிருப்பார்கள்.

"அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு இவ்வளவு கிட்ட இருந்தது அப்பா" என்று மகள் கைகளை விரித்துக் காட்டினாள். ஒரு முழம் இருக்கும். "அவள் என்னைத்தான் பார்த்தாள்."

நான் கதவைத் திறந்து இறங்கினேன். "பிள்ளை, நான் சிக்னல் போடவில்லை" என்று சொன்னேன்.

"தெரியும் அப்பா."

"உன்னைக் கொண்டு அப்படிச் சொல்வித்திருக்கக் கூடாது."

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. வாளியிலிருந்த துணியை எடுத்து இடது பக்கக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள். மறு பக்கத்தை நான் துடைத்தேன்.

மற்ற நாள் தபாற்கந்தோருக்குப் போனேன். வரிசையிலே எனக்கு முன்னே மூவர் அதே மாதிரிப் பத்திரத்தோடு நின்றார்கள். ஒருவர் முச்சக்கர வண்டிச் சாரதி. "ஐயாவுக்கு என்ன?" என்று தமிழிலே கேட்டார். "நிரல் மாறினேன்" என்றேன். "அது எல்லாரும் மாறுவதுதானே!" என்று ஆறுதல் சொன்னார். இரண்டு நாளைக்கு முன்னே கேட்டிருந்தால் அவரை அணைத்துக்கொண்டிருப்பேன். பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய், அரை மணி நேரம் வாங்கிலே இருந்து, அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொண்டேன். அன்று என்னை நிறுத்திய உத்தியோகத்தரைக் கண்ணாற் தேடினேன், அவர் அங்கில்லை. கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதுவும் மகள் வழியாகத்தானே சொல்லியிருக்க வேண்டும்.

2024 ஜனவரியிலிருந்து கொழும்பிலே பொலிஸார் கமராக்களைக் கொண்டும் இத்தகைய பிழைகளைக் கண்டுபிடித்து வருகிறார்கள். கமராவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. சாட்டுச் சொல்வதற்கும் அங்கே ஆளில்லை.

மனைவி சொன்ன பாண் விஷயம் மட்டும் தீராமல் நின்றது. தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போயிற்று. அந்த இரண்டு இறாத்தல் பாணின் சொந்தக்காரர் யார், எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. ஊருக்குத் திரும்பும் நாட் காலையிலே, அதே சந்திக்கு அப்பாலுள்ள பேக்கரியிலே காரை நிறுத்தச் சொல்லி, மனைவி இறங்கிப் போய்ப் பாண் வாங்கினார். வழிச் சாப்பாட்டுக்கென்று சொன்னார். வழிச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சம்பலும் மைத்துனர் வீட்டிலேயே கட்டித் தந்திருந்தார்கள். பேக்கரி வாசலிலே சிறிது நேரம் நின்று வீதியை இரு புறமும் பார்த்துவிட்டு வந்து ஏறினார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

புத்தளம், அனுராதபுரம், வவுனியா கடந்து, இருட்டிய பின்பு எங்களூரை அடைந்தோம். பிரதான வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்திலே விளக்கில்லை. முன்னே ஒருவருமில்லை, பின்னே நெடுந்தூரத்துக்கு ஒரு வெளிச்சமுமில்லை, வேலியோரத்திலே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். தோளுக்கு மேலே திரும்பியும் பார்த்தேன்.

பின் ஆசனத்திலே மனைவி நித்திரை கலைந்து, "அது என்ன டிக், டிக் என்று சத்தம்?" என்று கேட்டார்.

"அப்பா சிக்னல் போட்டிருக்கிறார்" என்றாள் மகள்.